மல்டிபாத் ஸ்டோரேஜ் கனெக்ஷன் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வர்ல ஸ்டோரேஜ் பாத் பிரச்சனைன்னு வந்தா டீம்ல புதுசா சேர்ந்தவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்வி ஒரு பதினஞ்சு இருபது இருக்கும். அதை ஒரே இடத்துல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன், இப்பதான் முடிஞ்சது. கமாண்டை எல்லாம் போன்ல ஒருத்தருக்கு வாய்விட்டுச் சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன், ராத்திரி ரெண்டு மணிக்கு டேட்டா சென்டர்ல ரேக் முன்னாடி நிக்கிற ஆளுக்கு நாம அப்படித்தானே சொல்றோம்.

ஒரே ஒரு லன் தான் கொடுத்தாங்க, சர்வர்ல நாலு டிஸ்க் தெரியுதே?

லன்னா ஸ்டோரேஜ் பெட்டி சர்வருக்குப் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்க். நாலு டிஸ்க் இல்ல, ஒரே டிஸ்குக்குப் போற நாலு வழி. சர்வர்ல ரெண்டு கார்டு, ஸ்டோரேஜ்ல ரெண்டு கன்ட்ரோலர், ஒவ்வொரு கார்டும் ரெண்டு கன்ட்ரோலரையும் பார்த்தா ரெண்டு ரெண்டா நாலு. கெர்னலுக்கு அது ஒரே டிஸ்க்னு தெரியாது, ஒவ்வொரு வழியையும் எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇன்னு தனித்தனி டிஸ்கா காட்டும். மல்டிபாத்-டிங்கிற டீமன் ஒவ்வொண்ணோட டபிள்யூடபிள்யூஐடியையும் (டிஸ்கோட தனி அடையாள நம்பர்) வாங்கி, ஒரே நம்பர் இருக்கிறதை எல்லாம் ஒண்ணா கட்டி டிவைஸ் மேப்பர்ங்கிற கெர்னல் பகுதி மேல எம்பாத்-ஏன்னு ஒரே டிஸ்கா கொடுக்குது. நீங்க ஃபைல் சிஸ்டம் போடுறது, மவுன்ட் பண்றது, எல்விஎம் (டிஸ்கை வால்யூமா பிரிக்கிற லேயர்) கட்டுறது எல்லாமே அந்த எம்பாத்-ஏ மேலதான். எஸ்டிபியை நேரா தொடவே கூடாது, தொட்டா என்ன ஆகும்னு கீழ வரும்.

ஸ்டோரேஜ் போச்சுன்னு போன் வந்தா முதல்ல எதைப் பாக்கணும்?

மல்டிபாத் ஹைஃபன் எல்எல். வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி இந்த அவுட்புட்டை ஒரு ஃபைல்ல போட்டு வச்சிடுங்க, ஏன்னா நீங்க ஒரு ரீஸ்கேன் போட்டீங்கன்னா பழைய நிலை கலைஞ்சிடும், அப்புறம் என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

ஒவ்வொரு பாத் வரியோட கடைசியிலயும் மூணு வார்த்தை இருக்கும். ஆக்டிவ், ரெடி, ரன்னிங்னு இருந்தா நல்லா இருக்கு. முதல் வார்த்தை டிவைஸ் மேப்பர் அந்த பாத்தை எப்படி நினைக்குதுங்கிறது, ரெண்டாவது பாத் செக்கர் கடைசியா டெஸ்ட் பண்ணப்ப கிடைச்ச பதில், மூணாவது கெர்னலோட ஸ்கஸி லேயர் (டிஸ்கோட பேசுற பகுதி) அந்த டிஸ்கை எந்த நிலையில வச்சிருக்குங்கிறது. மூணும் மூணு வேற ஆள் சொல்ற சாட்சின்னு வச்சுக்கோங்க. ஃபெயில்ட், ஃபால்ட்டி, ரன்னிங்னு இருந்தா கெர்னல் இன்னும் டிஸ்க் இருக்குன்னுதான் நினைக்குது, ஆனா டெஸ்ட் யூனிட் ரெடின்னு (தயாரா இருக்கியான்னு கேக்குற ஸ்கஸி கமாண்ட்) கேட்டா பதில் வரல, அப்போ வழியில ஏதோ அடைச்சிருக்கு. ஃபெயில்ட், ஃபால்ட்டி, ஆஃப்லைன்னு வந்தா ஸ்கஸி லேயரே அதைக் கை கழுவிடுச்சு. கோஸ்ட்னு வந்தா பயப்படாதீங்க, ஆக்டிவ் பாசிவ் மாடல் ஸ்டோரேஜ்ல ஸ்டாண்ட்பை கன்ட்ரோலரோட பாத் அப்படித்தான் காட்டும்.

பாத் எத்தனை இருக்கணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், இது ரொம்ப முக்கியம். நாலு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு ஃபால்ட்டின்னு இருந்தா கண்ணுல படும், ஆனா ரெண்டு பாத் டிஸ்கே இல்லாம காணாமப் போயிருந்தா மீதி ரெண்டும் பச்சையா ஆக்டிவ் ரெடின்னுதான் காட்டும், பாக்குறவருக்கு எல்லாம் சரின்னு தோணும். அதனால எண்ணுங்க. ஒவ்வொரு லன்னுக்கும் எண்ணுங்க.

ஒரு குரூப்ல ப்ரையாரிட்டி 50, இன்னொண்ணுல 10. ரெண்டாவது குரூப்ல எனேபிள்ட்னு மட்டும் இருக்கு, ஆக்டிவ்னு இல்ல. இது பிரச்சனையா?

இல்லவே இல்ல, அப்படித்தான் இருக்கணும். அலுவா மாடல் ஸ்டோரேஜ்ல ஒரு லன்னுக்கு ஒரு கன்ட்ரோலர்தான் சொந்தக்காரன். அவன் வழியா போற பாத் ஆக்டிவ் ஆப்டிமைஸ்ட், அதுக்கு 50. இன்னொரு கன்ட்ரோலர் வழியா போனாலும் டேட்டா கிடைக்கும், ஆனா அவன் உள்ளுக்குள்ள சொந்தக்காரன்கிட்ட கேட்டு வாங்கித் தரணும், அதுக்கு 10. மல்டிபாத் 50 குரூப்பை ஆக்டிவ்னு வச்சு ஓட்டும், 10 குரூப் காத்துக்கிட்டு இருக்கும்.

பிரச்சனை எப்பன்னா, இந்த ரெண்டு குரூப்பும் இல்லாம நாலு பாத்தும் ஒரே குரூப்ல கிடக்கும்போது. யாரோ எங்கயோ படிச்சிட்டு பாத் க்ரூப்பிங் பாலிசியை மல்டிபஸ்னு மாத்தியிருப்பாங்க, எல்லா வழியிலயும் போனா வேகமா இருக்கும்னு. அலுவா ஸ்டோரேஜ்ல அது தப்பு, பாதி ஐஓ (டிஸ்க்ல படிக்கிறது, எழுதுறது) சுத்துவழியில போகும், லேட்டன்சி ஏறும், ஸ்டோரேஜ் டீம் தன் பக்கம் எல்லாம் சரின்னுதான் சொல்லுவாங்க. குரூப் பை ப்ரையோ, ப்ரையாரிட்டிக்கு அலுவா, இதுதான் இந்த மாதிரி பெட்டிக்கு. இன்னொண்ணு, 10 குரூப் ஆக்டிவா இருந்து 50 குரூப் எனேபிள்ட்ல நின்னா ஃபெயில்ஓவர் ஆகி திரும்பி வரலைன்னு அர்த்தம், ஃபெயில்பேக் மேனுவல்னு இருக்கான்னு பாருங்க.

ஐஸ்கஸிக்கு (நெட்வொர்க் வழியா டிஸ்க் கொடுக்கிற முறை) ரெண்டு கார்டு போட்டிருக்கேன், மல்டிபாத்ல நாலு பாத்தும் பச்சை, ஆனா டிராஃபிக் ஒரு கார்டுலதான் ஓடுது. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன், ஏன்னா இதுல நான் நேரடியா அடி வாங்கியிருக்கேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல ரெண்டு வருஷமா நாலு பாத் காட்டின சர்வர்ங்க, ஒரு சனிக்கிழமை ராத்திரி ரெண்டு ஸ்டோரேஜ் ஸ்விட்ச்ல ஒண்ணை ஃபர்ம்வேர் அப்கிரேடுக்காக ரீபூட் பண்ணினாங்க, இன்னொரு ஸ்விட்ச் இருக்கு பாத்துக்கலாம்னு நானும் சரின்னு சொல்லியிருந்தேன். நாலு பாத்தும் ஒரே நேரத்துல போச்சு. பதினோரு சர்வர், எல்லாத்துலயும் டேட்டாபேஸ். விடியற வரைக்கும் ரெக்கவரி ஓடுச்சு. அன்னைக்கு கத்துக்கிட்டது, நாலு பாத்னு காட்டுறது வேற, அந்த நாலும் தனித்தனி வழியில உயிரோட இருக்கிறது வேற.

காரணம் ரொம்ப சாதாரணம். ரெண்டு கார்டுக்கும் ஒரே சப்நெட்ல ஐபி கொடுத்திருந்தாங்க. லினக்ஸ் ரவுட்டிங் டேபிள்ல அந்த சப்நெட்டுக்கு ரெண்டு வழி இருந்தாலும் கெர்னல் ஒண்ணைத்தான் எடுக்கும், டார்கெட் (ஸ்டோரேஜ் பக்கம்) ஐபி எதுவா இருந்தாலும் பாக்கெட் அந்த ஒரே கார்டு வழியாத்தான் வெளிய போகும். நாலு டார்கெட் போர்ட்டுக்கு நாலு செஷன், மல்டிபாத்துக்கு நாலு பாத், ஆனா சர்வரை விட்டு வெளிய போற வாசல் ஒண்ணு. ஏஆர்பி விஷயத்துலயும் குழப்பம் வரும், ஒரு கார்டோட ஐபிக்கு இன்னொரு கார்டு பதில் சொல்லும்.

சரி பண்ண ரெண்டு வழி. சுத்தமான வழி, ரெண்டு கார்டுக்கும் ரெண்டு சப்நெட், ரெண்டு விலான், ரெண்டு ஸ்விட்ச், ஸ்டோரேஜ் போர்ட்டும் அதே மாதிரி ரெண்டா பிரிச்சு. எனக்கு ஓட்டு கேட்டா இதுக்குத்தான். ஸ்டோரேஜ் டீம் சப்நெட்டை மாத்த முடியாதுன்னு சொன்னா, ஐஸ்கஸிஏடிஎம்ங்கிற கமாண்ட்ல ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஐஃபேஸ் ரெக்கார்டு உருவாக்கி, அந்த கார்டு பேரோட கட்டி, அப்புறம் அந்த ஐஃபேஸ் வழியாவே டிஸ்கவரியும் லாகினும் பண்ணணும். இந்த ரெண்டாவது வழியில ஆர்பி ஃபில்டர்னு ஒரு கெர்னல் செட்டிங் 1ன்னு இருந்தா, இந்த கார்டுல வர வேண்டிய பதில் இதுல வரலையேன்னு சொல்லி பாக்கெட்டை தூக்கிப் போட்டுடும், லாகின் டைம்அவுட் ஆகும், காரணம் லாக்ல வராது. அதை 2ன்னு வையுங்க.

இப்ப உங்க சர்வர் எப்படி இருக்குன்னு பாக்க, எஸ்எஸ் கமாண்ட்ல 3260 போர்ட்டுக்குப் போற கனெக்ஷனை எல்லாம் எடுத்து, லோக்கல் ஐபி ரெண்டு விதமா இருக்கான்னு பாருங்க. அது மட்டும் போதாது, ரெண்டு கார்டோட டிரான்ஸ்மிட் பைட் கவுன்ட்டரும் ஏறுதான்னும் பாருங்க.

பாண்டிங் போட்டுட்டா இந்தத் தலைவலியே இல்லையே?

ஐஸ்கஸிக்கு வேண்டாம். ஒரு டிசிபி செஷன் பாண்ட்ல ஒரே கேபிள்லதான் போகும், அதனால வேகம் கூடாது. கேபிள் செத்தா பாண்ட் காப்பாத்தும், ஆனா கேபிள் உயிரோட இருந்து ஸ்விட்ச்சுக்கு அந்தப் பக்கம் அடைச்சிருந்தா பாண்டுக்கு அது தெரியவே தெரியாது. மல்டிபாத் டிஸ்க் வரைக்கும் போய் கேட்டுட்டு வருது. என்எஃப்எஸ்க்கு பாண்டிங் ஓகே.

லாகின் ஆகுது, டிஸ்க் தெரியுது, மவுன்ட் பண்ணா தொங்கிடுது.

பத்துல எட்டு தடவை எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ். சர்வர்ல 9000, ஸ்டோரேஜ்ல 9000, நடுவுல இருக்கிற ஸ்விட்ச்ல ஒரு போர்ட் 1500ல இருக்கும். லாகின் பாக்கெட், டிஸ்க் சைஸ் கேக்குற பாக்கெட் எல்லாம் சின்னது, போயிடும். டேட்டான்னு பெரிய பாக்கெட் வரும்போது ஸ்விட்ச் சத்தமில்லாம போட்டுடும். பிங்ல ஃப்ராக்மென்ட் பண்ணாதேன்னு சொல்லி, ஹைஃபன் கேபிடல் எம், அடுத்து டி-ஓ டூ, ஹைஃபன் சின்ன எஸ் 8972 போட்டு, ஹைஃபன் கேபிடல் ஐ கொடுத்து கார்டு பேரையும் சொல்லி, ஒவ்வொரு கார்டுலருந்தும் ஒவ்வொரு டார்கெட் ஐபிக்கும் அடிச்சுப் பாருங்க. ஏன் 8972ன்னா 9000ல ஐபி ஹெட்டர் 20, ஐசிஎம்பி ஹெட்டர் 8 போனா மிச்சம் அதுதான். வெறும் பிங் போகுது இது போகலைன்னா ஆள் மாட்டிக்கிட்டான். ஒரே ஒரு பாத்ல மட்டும் இந்தக் கோளாறு இருந்தா இன்னும் மோசம், மல்டிபாத் மாத்தி மாத்தி அனுப்பும்போது அந்த பாத் பக்கம் போற ஐஓ மட்டும் நிக்கும், டெஸ்ட் யூனிட் ரெடி சின்ன பாக்கெட்ங்கிறதால செக்கர் பாஸ் ஆயிடும், பாத் விழும், எழும், விழும், எழும்.

ஒரு கேபிளைப் பிடுங்கினா ரெண்டு நிமிஷம் எல்லாமே நின்னுடுது, அப்புறம்தான் அடுத்த பாத்துக்குப் போகுது.

ஐஸ்கஸியோட ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட், டிஃபால்ட் 120 செகண்ட். செஷன் அறுந்தா உடனே எர்ரர் சொல்லாம, திரும்ப வருமான்னு அத்தனை நேரம் ஐஓவை கையில பிடிச்சு வச்சிருக்கும். ஒரே பாத் இருக்கிற ஆளுக்கு அது நல்ல குணம். மல்டிபாத் இருக்கும்போது சீக்கிரம் கையை விட்டாத்தானே மேல இருக்கிறவன் அடுத்த வழிக்கு அனுப்ப முடியும், அதனால 5லருந்து 15க்குள்ள வைக்கிறதுதான் வழக்கம்.

இதுல ரெண்டு இடத்துல எல்லாரும் வழுக்குறாங்க. ஐஸ்கஸிடி டாட் கான்ஃப்ல மாத்தினா அதுக்கப்புறம் புதுசா டிஸ்கவர் பண்ற டார்கெட்டுக்கு மட்டும்தான் அது வரும், ஏற்கனவே இருக்கிற நோட் ரெக்கார்டுல பழைய 120தான் உட்கார்ந்திருக்கும். ஐஸ்கஸிஏடிஎம்ல நோட் மோட்ல அப்டேட் போட்டு, லாக்அவுட் பண்ணி லாகின் பண்ணணும், ஒரு நேரத்துல ஒரு பாத் மட்டும். ரெண்டாவது, மல்டிபாத்-டி ஓடுதுன்னா அதோட ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில் டைம்அவுட் செட்டிங்கை அதுவே செஷன் மேல எழுதிடும், நீங்க போட்டது மேல அது உட்கார்ந்துக்கும். அதனால கான்ஃப் ஃபைலை நம்பாம சிஸ் கிளாஸ் ஐஸ்கஸி செஷன் கீழ ஒவ்வொரு செஷனோட ரெக்கவரி டிஎம்ஓ ஃபைலைத் திறந்து பாருங்க, அதுல இருக்கிற நம்பர்தான் நிஜமா ஓடுற நம்பர்.

ஒரு செஷன் செத்துச்சான்னு கண்டுபிடிக்கவே நோப் அவுட் (உயிரோட இருக்கியான்னு கேக்குற பாக்கெட்) இன்டர்வல் 5, அதுக்கு பதில் வர காத்திருக்கிறது 5ன்னு டிஃபால்ட்ல பத்து செகண்ட் வரை போகும். அதுக்கு மேல ரெக்கவரி டிஎம்ஓ. ரெண்டையும் கூட்டினா உங்க அப்ளிகேஷன் எத்தனை செகண்ட் நிக்கும்னு முன்னாடியே சொல்லிடலாம், டேட்டாபேஸ் டீம்கிட்ட அந்த நம்பரைச் சொல்லி வையுங்க.

எல்லா பாத்தும் போச்சு. இப்ப டிஎஃப் அடிச்சா தொங்குது, ப்ராசஸை கில் மைனஸ் 9 போட்டாலும் சாகல, ரீபூட் கூட ஆக மாட்டேங்குது.

க்யூ இஃப் நோ பாத். பாத்தே இல்லன்னாலும் எர்ரர் சொல்லாதே, ஐஓவை வரிசையில நிறுத்தி வைன்னு மல்டிபாத்துக்கு சொல்லியிருக்கு. அந்த ஐஓக்காக காத்திருக்கிற ப்ராசஸ் எல்லாம் டி ஸ்டேட்ல இருக்கும், சிக்னல் அதுக்கு கேக்காது.

முதல் கேள்வி, ஸ்டோரேஜ் திரும்ப வருமா? வரும்னா கையைக் கட்டிட்டு இருங்க, பாத் வந்த உடனே வரிசையில நிக்கிற ஐஓ எல்லாம் தானா போயிடும், டேட்டா ஒண்ணும் கெடாது. பதட்டத்துல ரீபூட் பட்டனை அமுக்கினா மெமரில இருந்த எழுதாத டேட்டா போச்சு. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருத்தர் அமுக்கிடுறாங்க, தயவுசெஞ்சு பத்து நிமிஷம் பொறுங்க.

வரவே வராது, லன்னையே எடுத்துட்டாங்கன்னா, டிஎம்-செட்டப் மெசேஜ், மேப் பேரு, சைபர், ஃபெயில் இஃப் நோ பாத்ன்னு கொடுங்க, இல்லன்னா மல்டிபாத்-டிகிட்டயே டிஸேபிள் க்யூயிங்னு சொல்லலாம். காத்திருந்த ஐஓ எல்லாம் எர்ரரா திரும்பும், ஈஎக்ஸ்டி4 ரீட் ஒன்லி ஆகும், எக்ஸ்எஃப்எஸ் ஷட்டவுன் ஆயிடும், ஆனா ப்ராசஸ் எல்லாம் விடுதலை ஆகும், அன்மவுன்ட் போகும்.

நிரந்தரமா என்ன வைக்கலாம்னா, நோ பாத் ரீட்ரை செட்டிங்ல ஒரு நம்பர் கொடுக்கலாம். போலிங் இன்டர்வல் 5 செகண்ட், ரீட்ரை 12ன்னா சுமாரா ஒரு நிமிஷம் காத்திருந்து அப்புறம் எர்ரர். கிளஸ்டர்ல இருக்கிற நோடுக்கு ஃபெயில்னு வையுங்க, இன்னொரு நோட் எடுத்துக்கட்டும். ரூட் டிஸ்கே சான்ல (ஸ்டோரேஜ் நெட்வொர்க்ல) இருக்கிற சர்வருக்கு க்யூ. எல்லாத்துக்கும் ஒரே மதிப்பு போடுறது சோம்பேறித்தனம்.

ஒரு பாத் வருது, போகுது, வருது, போகுது. அப்ளிகேஷன் ரொம்ப ஸ்லோ.

செத்த பாத்தை விட சாகாத பாத்துதான் ஆபத்து. செத்தா மல்டிபாத் ஒதுக்கி வச்சுட்டு மத்ததுல ஓட்டும். இது அப்படியில்ல, செக்கர் வந்து கேக்கும்போது நல்ல பிள்ளையா பதில் சொல்லும், உடனே பாத்தை உள்ள எடுத்து ஐஓ கொடுக்கும், கொடுத்த ஐஓ டைம்அவுட் ஆகும். ஸ்கஸி டிஸ்கோட டிஃபால்ட் டைம்அவுட் 30 செகண்ட், ஒவ்வொரு சுத்துக்கும் அந்த முப்பது செகண்ட் யூசர் தலையில விழும்.

அந்த நேரத்துல முதல் வேலை, அந்த பாத்தை வெளிய எடுங்க. மல்டிபாத்-டி ஃபெயில் பாத்னு சொன்னா செக்கர் திரும்ப எழுப்பிடும், அதனால ஸ்விட்ச் போர்ட்டையே டிஸேபிள் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா ஸ்கஸி டிவைஸ் ஸ்டேட் ஃபைல்ல ஆஃப்லைன்னு எழுதுங்க. யூசர் மூச்சு விட்டுக்கட்டும், அப்புறம் காரணம் தேடலாம்.

ஃபைபர் சேனல்னா (ஸ்டோரேஜுக்குன்னே இருக்கிற ஃபைபர் நெட்வொர்க்) காரணம் பெரும்பாலும் கண்ணாடி சம்பந்தப்பட்டதுதான்: அழுக்கான கனெக்டர், வளைஞ்ச கேபிள், வயசான எஸ்எஃப்பி (கேபிளைச் செருகுற ஆப்டிகல் மாட்யூல்). சிஸ் கிளாஸ் எஃப்சி ஹோஸ்ட் கீழ ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒரு டைரக்டரி இருக்கு, அதுல இன்வாலிட் சிஆர்சி, லாஸ் ஆஃப் சிங்க், லிங்க் ஃபெயிலியர்னு கவுன்ட்டர் இருக்கும். ஒருக்கா பார்த்து குறிச்சு வச்சு, பத்து நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க. மொத்த எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்ல, ஏறுதாங்கிறதுதான் கேள்வி. எல்லாமே எஃப் எஃப்னு வரிசையா இருந்தா அந்த டிரைவர் அந்தக் கவுன்ட்டரைக் கொடுக்கலைன்னு அர்த்தம், பயப்பட வேண்டாம். ஸ்விட்ச் பக்கத்துலயும் அதே மாதிரி போர்ட் எர்ரரும் எஸ்எஃப்பியோட ரிசீவ் பவரும் வாங்கிப் பாருங்க. கேபிளை மாத்துறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணிப் பாருங்க, ஃபைபர் முனையை விரலால தொட்டுட்டு அப்படியே செருகுறவங்களை இன்னும் பாக்குறேன்.

புது வெர்ஷன் மல்டிபாத்ல மார்ஜினல் பாத்ன்னு ஆரம்பிக்கிற நாலு செட்டிங் இருக்கு, கொஞ்ச நேரத்துக்குள்ள ரெண்டு தடவை விழுந்த பாத்தை தனியா எடுத்து வச்சு டெஸ்ட் பண்ணி, எர்ரர் அளவுக்கு மேல இருந்தா கொஞ்ச காலம் உள்ள சேர்க்காம வைக்கும். நாலையும் சேர்த்துக் கொடுத்தாத்தான் வேலை செய்யும்.

ஃபைபர் சேனல்ல பாத் தெரியவே இல்ல. ஸ்டோரேஜ் டீம் கொடுத்துட்டோம்ங்கிறாங்க, ஸ்விட்ச் டீம் ஜோன் (எந்த போர்ட் எதைப் பாக்கலாம்னு ஸ்விட்ச்ல கொடுக்கிற அனுமதி) போட்டாச்சுங்கிறாங்க.

கீழருந்து மேல வாங்க. எஃப்சி ஹோஸ்ட் கீழ போர்ட் ஸ்டேட் ஆன்லைனா? லிங்க் டவுன்னா கேபிளும் எஸ்எஃப்பியும். ஆன்லைன்னா, போர்ட் நேம் ஃபைல்ல இருக்கிற 16 இலக்க டபிள்யூடபிள்யூபிஎன்னை (கார்டு போர்ட்டோட அடையாள நம்பர்) காப்பி பண்ணி அனுப்புங்க, பார்த்து டைப் பண்ணாதீங்க, ஒரு எழுத்து தப்பினா ரெண்டு மணி நேரம் போகும். ஸ்விட்ச்ல அது லாகின் ஆகியிருக்கா, ஜோன்ல அதே நம்பர் இருக்கா, ஜோன் சேவ் மட்டும் ஆகியிருக்கா இல்ல ஆக்டிவேட்டும் ஆகியிருக்கா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்க. அப்புறம் ஸ்டோரேஜ்ல ஹோஸ்ட் குரூப்ல ரெண்டு கார்டோட நம்பரும் இருக்கா. ஹெச்பிஏ (சர்வர்ல இருக்கிற ஃபைபர் சேனல்) கார்டு செத்து மாத்தினா நம்பரும் மாறும், ஜோன்ல ஒரு இடம், ஸ்டோரேஜ்ல ஒரு இடம், ரெண்டுலயும் மாத்தணும், ஒண்ணுல மறந்துடுவாங்க. எல்லாம் சரின்னா ஸ்கஸி ஹோஸ்ட் ஸ்கேன் ஃபைல்ல மூணு ஹைஃபன் எழுதி ரீஸ்கேன்.

எல்விஎம்ல டூப்ளிகேட் பிவின்னு (பிவின்னா எல்விஎம் எடுத்துக்கிட்ட டிஸ்க்) வார்னிங் வருது. விட்டுடலாமா?

விடாதீங்க. எல்விஎம் எம்பாத்-ஏவையும் பார்த்திருக்கு, அதுக்குக் கீழ இருக்கிற எஸ்டிபி, எஸ்டிசியையும் பார்த்திருக்கு, எல்லாத்துலயும் ஒரே பிவி யூயூஐடி. தப்பித் தவறி பூட்டுல மல்டிபாத் எழும்புறதுக்கு முன்னாடி எல்விஎம் முந்திக்கிட்டு எஸ்டிபி மேல வால்யூம் குரூப்பை ஆக்டிவேட் பண்ணிடுச்சுன்னா, மல்டிபாத்தால அந்த டிஸ்கை எடுக்க முடியாது, உங்க டேட்டாபேஸ் ஒத்தைக் கேபிள்ல தொங்கிட்டிருக்கும், அந்தக் கேபிள் போற வரைக்கும் யாருக்கும் தெரியாது. எல்எஸ்பிஎல்கே அடிச்சு, லாஜிக்கல் வால்யூம் எம்பாத்துக்குக் கீழ இருக்கா இல்ல நேரா எஸ்டிபிக்குக் கீழயே இருக்கான்னு பாருங்க. எல்விஎம் டாட் கான்ஃப்ல ஃபில்டர் போட்டு டெவ் மேப்பர் கீழ இருக்கிறதையும் லோக்கல் டிஸ்கையும் மட்டும் ஏத்துக்கச் சொல்லுங்க. ரெட்ஹாட் 9ல டிவைசஸ் ஃபைல்னு வந்துடுச்சு, அதுல எம்பாத் மட்டும் இருக்கணும். மாத்தினதும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும்போது முதல்ல ஏறுற சின்ன சிஸ்டம்) திரும்பக் கட்டணும், இல்லன்னா பூட் ஆகும்போது பழைய ஃபில்டர்தான் ஓடும்.

ரீபூட் பண்ணா எம்பாத்-ஏ எம்பாத்-சி ஆயிடுது.

அதே இனிட்ராம்எஃப்எஸ் கதைதான். பேரையும் டபிள்யூடபிள்யூஐடியையும் சேர்த்து எழுதி வைக்கிற பைண்டிங்ஸ் ஃபைல் டிஸ்க்ல ஒண்ணு, இனிட்ராம்எஃப்எஸ்க்குள்ள ஒரு பழைய காப்பி. ரெண்டும் வேற வேறன்னா பேரு மாறும். முக்கியமான லன்னுக்கு மல்டிபாத் டாட் கான்ஃப்ல டபிள்யூடபிள்யூஐடியைக் கொடுத்து ஒரு ஏலியாஸ் வச்சிடுங்க, ஓரா-டேட்டா, ஓரா-ரெடோன்னு படிச்சா புரியற மாதிரி. ரெட்ஹாட்ல டிராகட் ஃபோர்ஸ், உபுன்டுல அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ். எஃப்எஸ்டேப்ல ஏலியாஸ் பேரையே போடுங்க, ஐஸ்கஸின்னா அண்டர்ஸ்கோர் நெட்டெவ் மறக்காதீங்க.

உபுன்டு விஎம்ல சிஸ்லாக் முழுக்க மல்டிபாத் மெசேஜா நிரம்புது. சான் டிஸ்கே இல்லையே?

விஎம்வேர் மேல ஓடுற உபுன்டு 20.04ல நிறைய பேரு பார்த்தது இது. விர்ச்சுவல் டிஸ்க் தன்னோட ஐடியைச் சொல்லாது, மல்டிபாத்-டி விடாம கேட்டுக்கிட்டே இருக்கும், சில செகண்டுக்கு ஒருக்கா லாக். விஎம்மை ஆஃப் பண்ணி செட்டிங்ல டிஸ்க் டாட் எனேபிள் யூயூஐடின்னு ட்ரூ கொடுத்தா தீர்ந்தது. ஆஃப் பண்ண முடியாதுன்னா அந்த டிஸ்கை பிளாக்லிஸ்ட்ல போடுங்க.

லன்னைப் பெருசாக்கினாங்க, சர்வர்ல பழைய சைஸ்தான் காட்டுது.

ஒவ்வொரு எஸ்டி டிஸ்கோட டிவைஸ் ரீஸ்கேன் ஃபைல்லயும் 1 எழுதுங்க, ஐஸ்கஸின்னா செஷன் ரீஸ்கேன் போதும். எல்லா பாத்தும் புது சைஸ் காட்டுதான்னு எல்எஸ்பிஎல்கேல பார்த்துட்டு, அப்புறம்தான் மல்டிபாத்-டி ரீசைஸ் மேப். ஒரு பாத் பழைய சைஸ்லயே நின்னா மேப் பெருசாகாது. அதுக்கப்புறம் பிவி ரீசைஸ், எல்வி, ஃபைல் சிஸ்டம்.

லன்னை எடுக்கணும், எந்த வரிசையில?

மேலருந்து கீழ. அன்மவுன்ட், வால்யூம் குரூப் டீஆக்டிவேட், எந்தெந்த எஸ்டி டிஸ்க் அதுக்குக் கீழ இருக்குன்னு எழுதி வச்சுக்கங்க, மல்டிபாத் ஹைஃபன் சின்ன எஃப் போட்டு மேப்பை எடுங்க, ஒவ்வொரு எஸ்டியோட டிவைஸ் டிலீட் ஃபைல்லயும் 1 எழுதுங்க. இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஸ்டோரேஜ் டீமுக்கு மேப்பிங்கை எடுங்கன்னு சொல்லணும். ஸ்டோரேஜ்ல முதல்ல எடுத்துட்டா சர்வர்ல செத்த எஸ்டி டிஸ்க் கிடக்கும், நாளைக்கு அதே லன் நம்பர்ல வேற ஒரு லன்னைக் கொடுத்தாங்கன்னா அந்தப் பழைய எஸ்டி பேருக்குப் பின்னாடி புது டிஸ்க் வந்து உட்காரும். பழைய மேப்புக்குள்ள வேற டிஸ்க். எழுதினா யாரோட டேட்டா மேலயோ எழுதும். மல்டிபாத்ல ரீசெக் டபிள்யூடபிள்யூஐடின்னு ஒரு செட்டிங் இதைப் பிடிக்கத்தான் இருக்கு, ஆனா வரிசையை ஒழுங்கா பண்ணா அது தேவையே வராது.

பழைய சர்வர்லருந்து மல்டிபாத் டாட் கான்ஃபை காப்பி பண்ணேன், பரவாயில்லையா?

வேண்டாம். பெரும்பாலான ஸ்டோரேஜ் பெட்டிக்கான செட்டிங் மல்டிபாத் டூல்ஸுக்குள்ளயே வருது, மல்டிபாத் ஹைஃபன் சின்ன டி (டெஸ்ட்ல வர்ற டி) போட்டா மொத்தத்தையும் காட்டும். ரெட்ஹாட் 6 காலத்து ஃபைல்ல கெட்யூஐடி கால்அவுட்னு ஒரு வரி இருக்கும், 7லயே அதை எடுத்தாச்சு. காலியான ஃபைல்ல ஆரம்பிச்சு, ஸ்டோரேஜ் கம்பெனி அந்த ஓஎஸ் வெர்ஷனுக்குன்னு சொல்றதை மட்டும் சேருங்க.

என்விஎம்இ ஸ்டோரேஜ் வந்திருக்கு, அதுக்கும் இதேதானா?

இல்ல, அதுக்கு கெர்னலுக்குள்ளயே தனி மல்டிபாத் இருக்கு, ரெட்ஹாட் 9ல அதுதான் டிஃபால்ட். பாக்குறதுக்கு என்விஎம்இ லிஸ்ட் சப்சிஸ், லைவ்னு இருக்கணும். அலுவா மாதிரி அங்க ஏஎன்ஏ. ஐஓ பாலிசி டிஃபால்ட்டா நூமான்னு இருக்கும், அதனால ஒரு பாத்லயே டிராஃபிக் போற மாதிரி தெரியும், அது கோளாறு இல்ல, ரவுண்ட் ராபின்னு மாத்தினா பரவும். டிசிபி வழியா வந்தா போர்ட் 4420, ஃபயர்வால்ல திறந்திருக்கான்னு பாருங்க, மேல சொன்ன சப்நெட், எம்டியூ கதை எல்லாம் அப்படியே இதுக்கும் பொருந்தும்.

எல்லாம் சரியா இருக்குன்னு எப்படி உறுதி பண்றது?

பிடுங்கிப் பார்த்துத்தான். சர்வர் ப்ரொடக்ஷனுக்குப் போறதுக்கு முன்னாடி, எஃப்ஐஓவை (டிஸ்க்ல லோடு கொடுக்கிற டூல்) ஓட விட்டு, ஒரு கேபிளைப் பிடுங்குங்க, எத்தனை செகண்ட் நின்னுச்சுன்னு எழுதுங்க, திரும்பச் செருகுங்க, பாத் தானா திரும்ப வந்துச்சான்னு பாருங்க. வந்ததை உறுதி பண்ணின பிறகுதான் அடுத்த கேபிள். ஒவ்வொரு கார்டு, ஒவ்வொரு ஸ்விட்ச், ஒவ்வொரு கன்ட்ரோலர். கேபிளைப் பிடுங்குறது சுலபமான சாவு, லிங்க் டவுன்னு உடனே தெரிஞ்சிடும். அதனால லிங்க் உயிரோட இருந்து பாக்கெட் மட்டும் காணாமப் போற மாதிரியும் ஒரு தடவை பண்ணுங்க, ஃபயர்வால்ல ஒரு டார்கெட் ஐபிக்குப் போற 3260ஐ ட்ராப் பண்ணா போதும். ரெண்டு டெஸ்ட்டுக்கும் நேரம் வேற வேறயா வரும், அந்த ரெண்டாவது நம்பர்தான் நிஜ வாழ்க்கைல வர்றது.

நான் சொன்ன அந்த பதினோரு சர்வர்ல இந்த டெஸ்ட்டை யாரும் பண்ணல. ஒரு சர்வருக்கு இருபது நிமிஷம் ஆகியிருக்கும். இப்போ எங்க டீம்ல இந்த டெஸ்ட் ஷீட்ல நேரம் எழுதி கையெழுத்து போடாம எந்த சர்வரையும் டேட்டாபேஸ் டீமுக்குக் கொடுக்கிறதில்ல, ஸ்விட்ச்லயோ ஸ்டோரேஜ்லயோ அப்கிரேடுன்னு மெயில் வந்தா அதுக்கு முந்தின நாள் எல்லா சர்வர்லயும் பாத் எண்ணிக்கையை ஒரு ஸ்கிரிப்ட் எடுத்து அனுப்புது, ஒண்ணு குறைஞ்சாலும் அப்கிரேடை நிறுத்தச் சொல்லிடுறோம்.